மத்தியான வசந்தா

அவதானி தன் முதல் அறிக்கையிலேயே ஊழியர் எண் தொண்ணூற்றொன்பதை மனிதர் இல்லை என்று தீர்மானித்துவிட்டது.

மதிவதனி அந்தப் பத்தியை மறுபடி படித்தாள். 'எண் 99. பெயர் வசந்தாமணி. பிரிவு டெஸ்பாட்ச். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேர வேலை, வாரத்தில் ஆறு நாள், தொடர்ந்து இருபத்தொன்பது ஆண்டுகள். இரண்டு முறை பிரசவ விடுப்பு எடுக்கப்பட்டுள்ளது. அந்த மாதங்களிலும் தட்டச்சு நிற்கவில்லை. இப்படி ஒரு மனிதர் இருக்க இயலாது. இது தானாக ஓடும் நிரல். நிறுத்திவிடலாம்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிரசவ விடுப்பு எடுக்கிற நிரலைப் பதினோரு வருட அனுபவத்தில் அவள் பார்த்ததில்லை.

மதிவதனி சென்னைக்காரி. ஊர் ஊராகப் போய்ப் பழைய கம்ப்யூட்டர் சிஸ்டங்களை மூடிவிட்டுப் புதியதை ஏற்றிக் கொடுப்பது அவள் பிழைப்பு. பழையதைப் பார்த்துப் படித்து அறிக்கை தருகிற, அவளோடு ஊர் ஊராக வரும் மிஷின்தான் அவதானி. மனிதர்களோடு பேசுவதைவிடப் பழைய நிரல்களோடு மல்லுக்கட்டுவது சுலபம் என்று நினைப்பவள், அதை வெளியே சொல்லவும் கூச்சப்படாதவள். இந்த முறை வந்திருந்தது கோயம்புத்தூருக்கு, அரசூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு. பெயர் எதற்கு? கொங்குப் பக்கம் உங்களுக்கு ஒரு கிணறு இருந்தால், அவர்களுடைய மோட்டார் அதற்குள் இறங்கியிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

எந்த டீலருக்கு எந்த மோட்டார், எந்த லாரியில், என்றைக்கு என்பதையெல்லாம் அங்கே 1989-ல் எழுதப்பட்ட இருநூற்றுப் பதினான்கு நிரல்கள் பார்த்துக்கொண்டன. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. 2033-லும் அவை ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் யாரும் நிறுத்தவில்லை என்பது மட்டுமே.

இப்போது நிறுத்தியாக வேண்டும். புதுச் சட்டப்படி, பழைய சிஸ்டத்தை மூடுகிற நாளில் ஊழியர் ஏட்டுக்கு முத்திரை வைப்பார்கள். ஒரு எண், ஒரு முகம், ஒரு கை. முத்திரை விழுந்த பிறகு அதில் ஒரு புள்ளியைக்கூட யாராலும் மாற்ற முடியாது. ஏட்டில் இருப்பவருக்கு கேட் திறக்கும், வேலை பார்த்த வருடங்களுக்கு அத்தாட்சி கிடைக்கும், ஓய்வுக்குப் பிறகு வைத்தியம் கிடைக்கும். ஏட்டில் இல்லாதவர் அங்கே வேலை பார்த்ததே இல்லை. இந்தக் கம்பெனிக்கு முத்திரை நாள் வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. அன்று வியாழன்.

"தொண்ணூத்தொம்பதைப் பத்திக் கேக்கணும் சார்" என்றாள் மதிவதனி.

எதிரே உட்கார்ந்திருந்தவர் கனகசபாபதி. வயது எழுபத்திரண்டு. 1989-ல் அந்த நிரல்களை எழுதியவர். ஓய்வு பெற்றுப் பேரக்குழந்தைகளோடு இருந்தவரை, பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் மூன்று மாதத்துக்குத் திரும்பக் கூட்டி வந்திருந்தார்கள். கம்பெனியில் அவருக்குக் கம்ப்யூட்டர் ஐயா என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

"அதுதான் புரோகிராம்னு உங்க மிஷினே சொல்லிப்போட்டுதேங்க. அப்படியே விட்டுருங்க" என்றார். ரொம்ப வேகமாகச் சொன்னார்.

"புரோகிராம்தான்னா எழுதினவர் நீங்க. எந்த வருஷம் எழுதினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கிற மாதிரித் தெரியவில்லை. பிறகு பேச்சை மாற்றினார். "ஏனுங்க அம்மிணி, உங்க மிஷினு என்ர புரோகிராமைப் படிச்சு இதெல்லாம் கண்டுபிடிக்குதுங்களா?"

"அவதானி புரோகிராமையே படிக்காது சார். படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் கிழவியாகிடுவேன். உங்க சிஸ்டம் என்ன செய்யுதுன்னு நாற்பது நாள் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கும். பழைய பதிவு டேப்பெல்லாம் எடுத்து முழுசாப் படிக்கும். அப்புறம் அதே மாதிரி செய்யக் கத்துக்கும்."

"புது மருமக சமையக்கட்டுல நின்னு பாத்துக்கற மாதிரி."

"அப்படித்தான். உங்க டேப்புல ஒரு விசேஷம் என்னன்னா, ஒவ்வொரு எழுத்தும் எந்த நொடியில அடிச்சதுங்கறதுகூட இருக்கு. வேற எந்தக் கம்பெனியிலயும் இதை நான் பார்த்ததில்லை."

"பெரிய முதலாளி ஆசைங்க. எந்தப் பொண்ணு எவ்வளவு வெரசா அடிக்குதுன்னு அவருக்குத் தெரியணும். எதையும் அழிக்கவும் உட மாட்டாரு."

மதிவதனி திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அதனாலதான் மாட்டிக்கிட்டீங்க. புரோகிராம் தப்பு பண்ணினா ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பப் பண்ணும். இது தினுசு தினுசாத் தப்பு பண்ணுது. காலைல ஆறு மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் சாவிய ஓங்கி ஓங்கி அடிக்குது, அவசரத்துல எழுத்தை முழுங்குது. ரெண்டு மணிக்கு மேல பாருங்க. ஒவ்வொரு ஊர்ப் பேருக்கும் முன்னாடி ஒரு சின்ன நிறுத்தம். மனசுக்குள்ள ஒரு தடவை படிச்சுட்டு அடிக்கற மாதிரி. தப்பே கிடையாது. இது ரெண்டு கை சார். ரெண்டு பேர்."

கனகசபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரெண்டு மணிக்கு டெஸ்பாட்ச்சுக்குப் போய்ப் பாருங்க. ஆபீஸ்ல எல்லாத்துக்கும் தெரியும். கம்ப்யூட்டர் ஒண்ணுக்குத்தான் தெரியாது."

டெஸ்பாட்ச் அறை கோடவுனின் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு தடுப்பு. ஒரு மேஜை, ஒரு திரை, ஒரு நாற்காலி. நாற்காலியில் உயரமான ஒரு அம்மாள் சாவிகளை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குள்ளமான இன்னொரு அம்மாள் டிபன் பையோடு உள்ளே வந்தாள். உயரமானவள் எழுந்தாள். வந்தவள் நாற்காலியின் நெம்புகோலைத் தட்டி உயரத்தைக் குறைத்தாள், பையிலிருந்து சின்னத் தலையணை ஒன்றை எடுத்து முதுகுக்கு வைத்தாள். "பெருந்துறை லாரி இன்னும் வரல" என்றாள் முதலாமவள். "சரி" என்றாள் இரண்டாமவள். உட்கார்ந்தாள், பெயரும் எண்ணும் அடித்து சிஸ்டத்துக்குள் போனாள். திரையில் வசந்தாமணி, 99 என்று வந்தது.

முதலாமவள் உண்மையிலேயே வசந்தாமணி. இரண்டாமவள் பெயர் பிலோமினா, ஊர் போத்தனூர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆபீஸில் பாதிப் பேர் யார் என்று முழிப்பார்கள். காலை வசந்தா, மத்தியான வசந்தா என்றுதான் அங்கே வழக்கம். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருபத்தொன்பது வருடமாகத் தினம் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்கிறார்கள். சேர்ந்து ஒரு டீ குடித்தது கிடையாது.

விஷயம் இதுதான் என்று கனகசபாபதி கோடவுன் வாசலில் நின்று சொன்னார். 1989-ல் ஆபீஸில் பதினெட்டுப் பேர். ஊழியர் எண்ணுக்கு இரண்டு இலக்கம் தாராளம் என்று அவர் வைத்துவிட்டார். 2004 ஜூனில் தொண்ணூற்றெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். அப்போதுதான் டெஸ்பாட்ச்சில் இரண்டு ஷிஃப்டுக்கு இரண்டு பெண்களை எடுத்தார்கள். மீதி இருந்தது ஒரே எண்.

"மூணு இலக்கமா மாத்தோணும்னா இருநூத்திப் பதினாலு புரோகிராமையும் தொறந்தாகோணும். முடியாதுங்கன்னு பெரிய முதலாளிகிட்ட சொல்லிப்போட்டேன். அப்ப ரெண்டு பொண்ணையும் ஒண்ணாப் போட்டுருன்னாரு."

"பேரு?"

"யாரு பேர்ல போடறதுங்கன்னு கேட்டேன். எது மொதல்ல வருதோ அது பேர்லன்னாரு. அன்னைக்கு போத்தனூர் பஸ் பத்து நிமிஷம் லேட்டுங்க."

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட ரிட்டையர் ஆகலையா? அந்த நம்பரைக் கொடுத்திருக்கலாமே?"

"ஆனாங்க. ஒவ்வொரு நம்பரு காலியாறப்பவும் புதுசா யாராச்சும் வந்து நின்னாங்க. அவிய நம்பர் இல்லாம வேலைக்குச் சேர முடியாதுங்களே. பிலோமினாதான் ஏற்கெனவே வேலையில இருக்குதே, அதுக்கென்ன அவசரம்னு அடுத்த தடவை பாக்கலாம்னு போயிருச்சு."

மதிவதனி அறைக்குத் திரும்பி, எண் 99 இருவர் என்று அவதானிக்குச் சொன்னாள். அவதானி வாதாடவில்லை. அது எப்போதும் வாதாடாது. தீர்ப்பை மாற்றி எழுதி, அரசாங்கப் படிவத்தைத் திறந்து வைத்தது. அதில் மூன்றே கட்டங்கள். தானியங்கி நிரல். ஒரே ஆள். ஆள்மாறாட்டம். மூன்றாவதைத் தொட்டால் விசாரணை, போலீஸ், இரண்டு பேருக்கும் வேலை போகும்.

வெள்ளிக்கிழமை காலையில் இளைய முதலாளியைப் போனில் பிடித்தாள். அவர் ஏதோ ஒரு கண்காட்சிக்காக ஜெர்மனியில் இருந்தார். பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மதிவதனிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரே ஆள்னு போடுங்க மேடம். போலீஸ் கீலீஸெல்லாம் வேண்டாம். ரெண்டு பேர்ல யாருன்னு அவங்களே பேசி முடிவு பண்ணிக்கட்டும். நான் யாரையும் போகச் சொல்லல."

அவர்கள் பேசி முடிவு செய்ய ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர்களுக்கு இருந்ததே அவ்வளவுதான். அன்று இரண்டு மணிக்கு மதிவதனி கண்ணாடித் தடுப்புக்குள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நான் நின்னுக்கறேங்க மேடம்" என்றாள் பிலோமினா. தலையணையை முதுகுக்குச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

வசந்தாமணி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாகப் பொருந்தியிருந்தும் திறந்து திறந்து மூடினாள். "பேரு என்னுதுங்க. அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்" என்றாள், யாரும் கேட்காமலே. அவள் முகம் சிவந்திருந்தது. அவள் வெட்கப்பட்டாள், கூடவே நிம்மதியாகவும் இருந்தாள். இரண்டும் அவள் முகத்தில் பளிச்சென்று தெரிந்தன. பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

மதிவதனி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க சண்டை போட்டா என்ன? லேபர் ஆபீஸ் இருக்கு. வக்கீல் இருக்காங்க."

"யாருன்னு சொல்லிச் சண்டை போடறதுங்க? வசந்தாமணின்னு சொல்லியா?" பிலோமினா திரையைப் பார்த்தபடியே பேசினாள். விரல்கள் நிற்கவில்லை. "சம்பளம் கவர்ல கரெக்டா வந்துருங்க, அதுல ஒரு கொறை சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் அன்னைக்கு லீவு வேணும்னா பொங்கலுக்கு வசந்தா லீவு எடுக்காம இருக்கோணும். அதையும் நாங்களே பேசித் தீத்துக்குவோம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கஷ்டமாப் போச்சு."

"என்ன?"

"வசந்தாவுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. ரெண்டுக்கும் லீவு எடுத்துட்டா. ரெண்டாயிரத்து ஒம்பதுல எனக்குப் பையன் பொறந்தான். லீவு கேட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்கல. ரெண்டு தடவைக்கு மேல கெடையாதாம். கம்ப்யூட்டர் கணக்குல எனக்கு ஏற்கெனவே ரெண்டு குழந்தை ஆயிருச்சுங்களே." அவள் லேசாகச் சிரித்தாள். "பன்னெண்டாம் நாள் வந்து இதே சேர்ல உக்காந்தேன். எங்கம்மா குழந்தையத் தூக்கிட்டு வந்து வாட்ச்மேன் ரூம்ல இருப்பாங்க. நாலு மணிக்கு ஒரு தடவ, ஏழு மணிக்கு ஒரு தடவ ஓடிப்போய்ப் பால் குடுத்துட்டு வருவேன். அந்தப் பத்து நிமிஷத்தைக்கூட டேப்புல பாத்துட்டு, பெரிய முதலாளி ரெண்டு பேருங்கறதையே மறந்துட்டு வசந்தாமணியக் கூப்பிட்டு ஏன் லேட்டுன்னு கேட்டாராம். பாவம், அவளுக்கு ஒண்ணும் புரியல."

மதிவதனிக்கு அந்தப் பத்து நிமிடங்கள் தெரியும். அவதானியின் வரைபடத்தில் 2009-ஆம் வருடத்துக்கு நேராக, நாலு மணியிலும் ஏழு மணியிலும் வரிசையாகக் கிடந்த வெள்ளைப் பள்ளங்கள். சர்வர் கோளாறு என்று அவள் குறித்து வைத்திருந்தாள். அதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"உங்களுக்குன்னு பழைய ஏட்டுல ஒரு எண் மட்டும் இருந்திருந்தா இது ஆள்மாறாட்டமே இல்லக்கா. பதிவுப் பிழைன்னு ஒரே வரியில முடிஞ்சிருக்கும். உங்க வேலை தப்பா அவங்க பேர்ல விழுந்திருச்சுன்னு எழுதிட்டு, கை யாரோடதுன்னு பார்த்து அவங்கவங்க வருஷத்தை அவங்கவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். சட்டத்துலயே இடம் இருக்கு. எண்தான் இல்ல."

"இல்லாததப் பத்திப் பேசி என்னங்க" என்றாள் பிலோமினா, அடுத்த ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி.

சனிக்கிழமை காலையில் மதிவதனி அறிக்கையின் பின்னிணைப்பைப் படித்தாள். அதை யாரும் படிப்பதில்லை. நூற்று நாற்பது பக்கம், எந்தக் கட்டத்தில் எத்தனை எழுத்து கொள்ளும், எத்தனை நிரம்பியிருக்கிறது என்ற பட்டியல். படிவத்தைத் தொட மனம் வராமல், நேரத்தைக் கடத்துவதற்காகத்தான் அவள் அதைப் படித்தாள். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இந்த வரி இருந்தது: 'அலுவலக ஊழியர் எண். கொள்ளளவு 100. பயன்பட்டது 99. காலி 1.'

பிழை என்று நினைத்தாள். காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை தொண்ணூற்றொன்பது. அதற்கு முன்னால் ஒரு இடம் இருந்தது. பூஜ்யம் பூஜ்யம்.

மனிதனுக்குப் பூஜ்யத்திலிருந்து எண் கொடுக்க யாருக்கும் தோன்றாது. வீட்டுக் கதவிலிருந்து பள்ளிக்கூட ரோல் நம்பர் வரை நாம் எல்லாவற்றையும் ஒன்றில்தான் தொடங்குகிறோம். கம்ப்யூட்டருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அதற்கு அதுவும் ஒரு நாற்காலி.

கனகசபாபதி டீயோடு வந்தார். அவள் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சார், பூஜ்யம் பூஜ்யம்னு நம்பர் அடிச்சா உங்க சிஸ்டம் ஏத்துக்குமா?"

"ஏத்துக்கும்."

"உறுதியாச் சொல்றீங்களா? எந்த புரோகிராமும் நின்னுடாதே?"

"நிக்காதுங்க. நான் அடிச்சுப் பாத்திருக்கேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. டீ டம்ளரை மேஜையில் வைத்தார்.

"எப்ப சார்?" என்றாள் மதிவதனி.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஒரு லாரியில் மோட்டார் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. "ரெண்டாயிரத்து நாலு ஆகஸ்ட்."

"அவங்க சேர்ந்தது ஜூன்."

"ஆமாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் சும்மா உக்காந்திருக்கறப்பத் தோணுச்சு. அடிச்சேன், எடுத்துக்குச்சு. அழிச்சுட்டேன்."

"ஏன் சார்?"

"முடியாதுன்னு சொல்லியாச்சுங்களே அம்மிணி. கம்பெனியில நான் ஒருத்தன்தான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன். முதலாளி முன்னாடி, நாலு மேனேஜர் முன்னாடி முடியவே முடியாதுன்னு அடிச்சுச் சொல்லிப்போட்டு, ரெண்டு மாசத்துல போய் முடியும்ங்கன்னு எப்படிச் சொல்றது? அடுத்த மாசம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் அதுபாட்டுக்கு நல்லா ஓடிட்டு இருந்துது. அந்தப் பொண்ணும் ஒண்ணும் கேக்கல." டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "பையன் பொறந்தப்ப லீவு கேட்டு எங்கிட்டத்தான் வந்துச்சு. கம்ப்யூட்டர் எடுத்துக்கல தாயின்னு சொன்னேன்" என்றார்.

மதிவதனிக்கு அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் திட்டவில்லை. 2009-இன் வெள்ளைப் பள்ளங்களைச் சர்வர் கோளாறு என்று எழுதியவளும் அவள்தான்.

"ஒப்பந்தப்படி நான் பழைய சிஸ்டத்தைத் தொடக் கூடாது. பாஸ்வேர்ட் உங்ககிட்ட இருக்கு" என்றாள். "இன்னைக்குச் சேர்த்த வரின்னு தேதியோட தெரியும். ஏன்னு கேட்பாங்க. பதில் உங்க பேர்ல போகும்."

"போகட்டும்" என்றார் கனகசபாபதி.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருவரும் டெஸ்பாட்ச்சுக்குப் போனார்கள். வசந்தாமணி எழுந்துகொண்டிருந்தாள், பிலோமினா கையில் தலையணையோடு நின்றாள். கனகசபாபதி நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்வேர்டைப் போட்டார். ஊழியர் ஏட்டைத் திறந்து, புதிய வரியில் இரண்டு பூஜ்யங்களை அடித்தார். சேர்ந்த தேதி என்ற இடத்தில் 2004 ஜூனில் ஒரு தேதியைப் பார்க்காமலே அடித்தார். பெயர் என்ற கட்டத்தில் வெளிச்சக்கோடு வந்து துடித்துக்கொண்டு நின்றது. அவர் எழுந்து நாற்காலியை பிலோமினாவுக்கு விட்டார்.

"இது உன்ர நம்பரு. பேர நீயே அடிச்சுரு" என்றார்.

பிலோமினா திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். இருபத்தொன்பது வருடம் அந்த சிஸ்டத்தோடு வாழ்ந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இது எப்பவும் இருந்துச்சுங்களா சார்?"

மதிவதனி பதில் சொல்ல வாயெடுத்தாள். கனகசபாபதி கையால் தடுத்தார். "இருந்துச்சும்மா. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

கோடவுனில் யாரோ பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. வசந்தாமணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப எம் பையனுக்கு லீவு போட்டிருக்கலாம்" என்றாள் பிலோமினா.

அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை. கனகசபாபதி அழுதுவிடுவார் என்று மதிவதனி பயந்தாள், ஆனால் அவர் அங்கேயே நின்றார். அதைவிட அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிலோமினா நெம்புகோலைத் தட்டி உயரத்தைக் குறைத்தாள். தலையணையை வைத்தாள். பெயரை அடிக்கத் தொடங்கினாள். முதல் எழுத்துக்கே குனிந்து சாவிகளைத் தேட வேண்டியிருந்தது. சாவிப் பலகையை அவள் பார்த்து அடித்து மதிவதனி இதுவரை கண்டதில்லை. ஒரு எழுத்தை அடித்து அழித்தாள், மறுபடி அடித்தாள். பத்துக்கும் குறைவான எழுத்துகளுக்கு முக்கால் நிமிடம் ஆயிற்று.

மதிவதனியின் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் அவதானியின் பதில் வந்தது. அவள் படித்தாள், திரும்பப் படித்தாள்.

"என்னங்க சொல்லுது?" என்று கேட்டார் கனகசபாபதி.

அவள் தயங்கித் தயங்கி வாசித்தாள். "எண் பூஜ்யம் பூஜ்யத்தின் கை இந்த அலுவலகத்தில் இதுவரை பார்க்கப்படாதது. தொண்ணூற்றொன்பதின் மாலைக் கையோடு பொருத்தம் நூற்றுக்குப் பதினொன்று. இவர் புதிய ஆள். இருபத்தொன்பது ஆண்டுகளை இவருக்குச் சேர்க்க இயலாது."

"இன்னொருக்கா அடிக்கட்டுங்களா?" என்றாள் பிலோமினா.

அடித்தாள். இந்த முறை பதினான்கு. மூன்றாம் முறை மறுபடி பதினொன்று. விரல்கள் அவளுடையவைதான், ஆனால் அந்தப் பெயரை அவை அங்கே ஒரு தடவையும் அடித்ததில்லை. அவதானி பொய் சொல்லவில்லை.

மதிவதனி யோசித்தாள். "அக்கா, தினம் சிஸ்டத்துக்குள்ள போகும்போது முதல்ல என்ன அடிப்பீங்க?"

"வசந்தாமணின்னு அடிப்பேங்க."

"அதை அடிங்க. பேர்க் கட்டத்துல வேண்டாம், கீழே குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல."

பிலோமினா திரும்பி வசந்தாமணியைப் பார்த்தாள். வசந்தாமணி சுவரை விட்டுத் திரும்பியிருந்தாள். "அடி புள்ள" என்றாள்.

விரல்கள் ஓடின. முதலில் அந்தச் சின்ன நிறுத்தம், பிறகு தடங்கலே இல்லாமல், சாவிகளைப் பார்க்காமல், ஒரே மூச்சில். மதிவதனி பலகையைப் பார்ப்பதற்குள் பதில் வந்திருந்தது. 'மாலைக் கை. பொருத்தம் நூற்றுக்கு நூறு. எண் 00 உறுதி செய்யப்பட்டது. பெயர் பிலோமினா. பணிக்காலம் இருபத்தொன்பது ஆண்டுகள். எண் 99 குறித்த ஐயம் தீர்ந்தது: பதிவுப் பிழை.'

படிவத்தில் பிழைக்கான காரணம் என்று ஒரு கட்டம் திறந்தது. கனகசபாபதி பலகையை வாங்கி, தன் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். வேறு எதுவும் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழைய சிஸ்டத்தை அணைத்தார்கள். நாற்பத்து நாலு வருடம் ஓடிய மிஷினின் விசிறி நின்றபோது அறையில் ஒரு அமைதி வந்தது, அதற்குள் யாரோ போனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மதிவதனிக்குச் சாயங்காலம் ரயில். போவதற்கு முன் டெஸ்பாட்ச் பக்கம் ஒரு நடை போனாள்.

இரண்டு மணி. கேட் பிலோமினாவின் முகத்தைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லித் திறந்தது. அவள் பின்னால் வருகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். பின்னால் யாரும் இல்லை. வெளியே போகக் காத்திருந்த வசந்தாமணி, "உன்னயத்தான் கூப்பிடுது பிலோமினா, வா" என்றாள்.

நாற்காலி பழையதுதான், திரை புதியது. உட்கார்ந்ததும் அது அவளைப் பற்றிய விவரங்களை ஒரு பக்கமாகக் காட்டி, எல்லாம் சரிதானா என்று கேட்டது. முதல் நாள் என்பதால் எல்லோரிடமும் அப்படித்தான் கேட்டது. மதிவதனி அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். பெயர் சரி. எண் சரி. சேர்ந்த நாள் சரி. வயது ஐம்பத்து நான்கு, அதுவும் சரி. கடைசியில் விடுப்புக் கணக்கு இருந்தது.

'பிரசவ விடுப்பு. எடுத்தது: 0. மீதம்: 2.'

பிலோமினா அந்த வரியில் விரலை வைத்துப் படித்தாள்.

"சரியாத்தான் இருக்குதுங்க" என்றாள் பிலோமினா. பக்கத்தை ஒப்புக்கொண்டாள். பெருந்துறை லாரி வந்து நின்றிருந்தது. அவள் ஒரு கணம் நிறுத்தி, பிறகு அடிக்கத் தொடங்கினாள்.